யார் தாரை வார்ப்பது? தோட்ட நகரக் கல்யாணம் ஒன்றில் வெடித்த குடும்பத் தகராறு: ஒரு நிகழ்வு ஆய்வு

இது 2023-இல் மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கே, தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன நகரத்தில் நடந்தது. சம்பந்தப்பட்ட குடும்பத்தார் சம்மதித்ததால் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர். உதவித் திருமணப் பதிவாளராகவும் இருக்கிறேன். அதனால் இந்தக் கல்யாணத்தைப் பதிவிலிருந்து விருந்து வரைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தேன். இதே மாதிரியான குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் ஏராளம். மற்ற கோயில் குழுக்களுக்கும் குடும்பப் பெரியவர்களுக்கும் இது உதவவேண்டும்.

பின்னணி

பெண்ணின் தாத்தா பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும் அதே தோட்டத்தில் குலை வெட்டினார். 1990-களின் நடுவில் தோட்டம் கைமாறியது. லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) காலி செய்யச் சொன்னார்கள். 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகள்படி, 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு ஒரு தொகை கிடைத்தது. வாழ்நாள் உழைப்புக்கு அவர் கையில் வந்த மொத்தப் பணம் அதுதான்.

அதை முன்பணமாக வைத்து ஒரு மலிவு விலை வீடு வாங்கினார்கள். அப்போது மலிவு வீட்டுக்கு உச்ச விலை 25,000 வெள்ளி (ரிங்கிட்). ஆனால் தாத்தாவிடம் இருந்தது நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணில் பிறந்தவர்தான், ஆனாலும் பிறப்புப் பத்திரம் கிடையாது. நிரந்தரவாசிக்கு அந்த வீடு கிடைக்காது என்பதால் மூத்த மகன் பெயரில் வாங்கினார்கள். கடனும் அவர் பெயரில்தான். அன்றைக்கு யாருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. அண்ணன் பெயரில் இருந்தால் என்ன, தம்பி பெயரில் இருந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள்.

மூத்தவர் லாரி ஓட்டப் போய்க் கிள்ளானில் தங்கிவிட்டார். இளையவர்தான் தாத்தா பாட்டியோடு அந்த வீட்டில் இருந்தார். மாதம் 160 வெள்ளிச் சொச்சம் தவணையை அவர்தான் கட்டினார். 2005-இல் மூத்தவர் தன் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து 4,000 வெள்ளி எடுத்துக் கடனில் கட்டினார். 2007-இல் இளையவர் இறந்தபோது அவர் மகளான இந்த மணப்பெண்ணுக்கு 10 வயது. மருத்துவச் செலவையும் கருமாதிச் செலவையும் மூத்தவர்தான் ஏற்றார். அதற்குப் பிறகு 2012-இல் கடன் முடியும்வரை தவணை கட்டியது இளையவரின் மனைவி. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்து கட்டினார். நில வரியும் வீட்டு வரியும் வருடா வருடம் கிள்ளானிலிருந்து வந்தன.

அதாவது இந்த வீட்டில் நான்கு பேரின் பணம் இருக்கிறது. கிராணில் (நிலப் பட்டாவில்) ஒரே ஒரு பெயர் இருக்கிறது. இதைச் சொல்லாமல் கல்யாண இரவில் நடந்ததைப் பேசுவதில் அர்த்தமில்லை.

பெண்ணின் அம்மாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார், மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். தங்கையின் கணவர் போன பிறகு பள்ளிக் கட்டணம், சடங்கு, கல்லூரிச் செலவு எல்லாவற்றிலும் கூட நின்றவர். பெரியப்பா தூரத்திலிருந்து பணம் அனுப்பினார், தாய்மாமன் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேருமே அந்தப் பெண்ணைத் தன் பெண் என்று நினைத்தார்கள். நான் பார்த்தவரைக்கும் இரண்டு பேர் நினைத்ததும் உண்மைதான்.

கல்யாணத்துக்கு முன்பே தெரிந்தவை

முதல் விரிசல் பதிவுத் திருமணத்தில் விழுந்தது. மாப்பிள்ளை ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இருவரும் சேர்ந்து வீட்டுக்கு விண்ணப்பிக்க நினைத்ததால், கோயில் கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பே பதிவு செய்துகொண்டார்கள். 21 நாள் அறிவிப்பு முடிந்து கோயில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பெண் தரப்புச் சாட்சியாக வந்தவர் தாய்மாமன். அன்று வேலை நாள். கிள்ளானிலிருந்து பெரியப்பாவை வரச்சொல்லவேண்டாம் என்று நல்லெண்ணத்தில் விட்டார்கள்.

அவர் எனக்குப் போன் செய்தார். “சார், அப்பன் ஸ்தானத்துல இருக்கிறவன் நான். என் கையெழுத்து இல்லாம எப்படிப் பதிஞ்சீங்க?” என்று கேட்டார். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் பெற்றோர் தரப்பு ஒப்புதல் தேவை, பெண்ணுக்கு 26 வயது என்று சொன்னேன். சட்டம் புரிந்தது அவருக்கு. மனம் ஆறவில்லை.

அப்புறம் பத்திரிகை. பெரியப்பாவின் பெயர் தாய்மாமன் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் வந்திருந்தது. அச்சகத்தில் இடம் போதாமல் நேர்ந்தது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் பிடித்து வட்டம் போட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் பெரியப்பாவின் மகன், “எங்க வீட்டு வாசல்ல பந்தல், பத்திரிகையில எங்களுக்கு இடமில்ல” என்று எழுதினார். வீடு என்ற பேச்சு முதன்முதலில் வெளியே வந்தது அப்போதுதான். பரிசத்தன்று இரண்டு தரப்பும் தனித்தனி மேசையில் சாப்பிட்டார்கள்.

கோயில் குழுவின் மகளிர் பிரிவு அக்கா ஒருவர்தான் முக்கியமான கேள்வியைக் கேட்டார். தாரை வார்க்கப்போவது பெரியப்பாவா மாமாவா என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் பெண்ணின் அம்மாவிடம் தனியாகப் போய், “உனக்கு என்னம்மா ஆசை?” என்றார். “நான்தாங்க்கா தாரை வார்க்கணும்” என்று பதில் வந்தது. அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

முன்கூட்டியே எடுத்த முடிவுகள்

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு பெரியப்பாவையும் தாய்மாமனையும் கோயில் அலுவலகத்தில் உட்காரவைத்தோம். அம்மாவின் ஆசையைச் சொன்னதும், எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அதில் மட்டும் ஒத்துப்போனார்கள்: கணவனை இழந்தவர் மணவறையில் உட்காரக்கூடாது. குருக்களைக் கேட்டோம். தமக்கு ஆட்சேபம் இல்லை, குடும்பம் முடிவெடுத்தால் தாம் செய்துவைப்பதாகச் சொன்னார். பெண்ணும், “அம்மா இல்லாம நான் மணவறையில உட்கார மாட்டேன்” என்று உறுதியாக நின்றார்.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. பத்து வயதிலிருந்து தனியாக வளர்த்த தாயைத் தூணுக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் உரிமைக்குச் சண்டை போடுவது நியாயமே இல்லை. நம் ஊர்களில் இந்த வழக்கம் தளர்ந்துகொண்டுதான் வருகிறது. இன்னும் வேகமாகத் தளரவேண்டும்.

கடைசியில் இப்படி முடிவானது. பெரியப்பாவும் பெரியம்மாவும் அமர்ந்து தாரை வார்ப்பார்கள், அம்மாவும் அவர்களோடு அமர்ந்து சேர்ந்து கை வைப்பார். தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போடுவார், பெண்ணை மணவறைக்கு அழைத்துவருவதும் அவரே. வீட்டைப் பற்றிய பேச்சைக் கல்யாணம் முடிந்த பிறகு கோயில் அலுவலகத்தில் வைத்துக்கொள்வது, அதுவரை வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

சடங்கில் யாருக்கு எந்த இடம் என்பதை முதலில் தீர்த்ததற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் குடும்பங்களில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதற்குப் பெரும்பாலும் பத்திரம் கிடையாது. ஊர் கூடிய இடத்தில் யார் மாலை போட்டார், யார் பெயர் மேலே வந்தது என்பதை வைத்துத்தான் அந்த உழைப்புக்கு மதிப்புக் கிடைக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கினால் வேறு வழியில் வெடிக்கும்.

மொய்ப்பணத்தைப் பற்றியும் சாப்பாட்டுக்காரருக்குத் தரவேண்டிய பாக்கியைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில் பேச்சு வரவில்லை.

கல்யாண நாள்

காலையில் கோயிலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அம்மா மணவறையில் உட்கார்ந்தபோது சில முணுமுணுப்புகள் எழுந்தன. உருமி மேளம் தொடங்கியதும் அடங்கிவிட்டன. தாய்மாமன் மாலை போட்டபோது பெரியப்பாவே அவர் தோளைத் தட்டினார்.

மாலை விருந்து நகரத்து டேவானில் (பொது மண்டபத்தில்). ஏறக்குறைய 500 பேர். கரவோக்கே, கேக் வெட்டு என எல்லாம் வழக்கம்போல. சாப்பாட்டுக்காரருக்கு 6,000 வெள்ளி பாக்கி இருந்தது. இரவு 10 மணிக்கு மொய்யிலிருந்து தருவதாகத் தாய்மாமன் அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இது பெரியப்பா வீட்டாருக்குத் தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் மாமாவின் கூட்டாளிகள் சிலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்பாவ் (மொய்ப்பண) உறைகள் போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் வந்து போவதைப் பார்த்த பெரியப்பாவின் மகன், பாதுகாப்புக்கு என்று பெட்டியைத் தூக்கித் தன் காரில் வைத்துப் பூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதரை மணிவாக்கில் சாப்பாட்டுக்காரர் வந்து கேட்க, மாமாவின் மனைவி பெட்டியைத் தேட, கார் வெளிச்சத்தில் பெட்டி தெரிய, சத்தம் ஆரம்பித்தது. மேடைக்குப் பக்கத்தில் நடந்ததால் கரவோக்கே மைக் எல்லாவற்றையும் கூடம் முழுக்கக் கொண்டுபோனது.

“என் தம்பி மகளுக்கு நான் கல்யாணம் பண்றேன், என் பிள்ளையத் திருடன்னு சொல்றீங்களா?” என்றார் பெரியப்பா.

“இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க மச்சான்?” என்று மாமா கேட்டார்.

“என் வீட்டுலதான் இருக்காங்க. நாளைக்கே காலி பண்ணச் சொல்றேன், பாத்துக்க” என்றார் பெரியப்பா.

இந்தக் கடைசி வாக்கியம் எல்லா மேசைக்கும் கேட்டது. இரண்டு தரப்பு இளைஞர்களும் தள்ளுமுள்ளில் இறங்கினார்கள். ஒரு பாட்டில் உடைந்து பெண்ணின் ஒன்றுவிட்ட தம்பிக்கு உள்ளங்கை கிழிந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, “இந்தச் சம்பந்தமே வேணாம், இத்தோட நிறுத்திக்கலாம், கிளம்புங்க” என்று தன் ஆட்களைக் கூப்பிட்டார். பெண்ணின் அம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டேவானில் எடுத்த முடிவுகள்

முதலில் ஒலிபெருக்கியை அணைத்தோம். விளக்குகளை முழுதாகப் போட்டோம். ஆனால் சாப்பாடு பரிமாறுவதை நிறுத்தவேண்டாம் என்றேன். தட்டு முன்னால் இருந்தால் விருந்தாளிகள் உட்கார்ந்த இடத்தில் இருப்பார்கள். எழுந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். குழந்தைகளை மகளிர் பிரிவினர் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார்கள். கை கிழிந்த பையனை இரண்டு தரப்பையும் சேராத ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

சண்டைக்காரர்களை ஒரே இடத்தில் வைத்துச் சமாதானம் பேசவில்லை. பலர் செய்வது அதுதான், அது பெரும்பாலும் தோற்கிறது. சுற்றிலும் ஆள் பார்க்கும்போது எந்த மனிதரும் இறங்கிவர மாட்டார். பெரியப்பாவிடம் பழைய மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவரை அனுப்பினோம். தாத்தாவோடு வேலை செய்தவர். அவர் முன்னால் பெரியப்பா குரல் உயர்த்த மாட்டார் என்று தெரியும். தாய்மாமனைச் சமையல்கட்டுப் பக்கம் கோயில் தலைவர் கூட்டிப்போனார்.

பெட்டியைத் திரும்பக் கொண்டுவரச் செய்து மேசைமேல் வைத்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா, பெரியப்பாவின் மகன், மாமாவின் மனைவி மூவரும் இருந்து உறைகளை எண்ணினார்கள். சாப்பாட்டுக்காரரின் பாக்கி அங்கேயே கொடுக்கப்பட்டு ரசீது வாங்கப்பட்டது. மீதியை மணப்பெண் பெயர் எழுதிய உறையில் போட்டு ஒட்டி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பணத்தில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. அதை எல்லார் முன்னாலும் சொன்னோம், ஏனென்றால் திருடன் என்ற சொல்லும் எல்லார் முன்னாலும்தான் விழுந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவிடம் நான் பேசினேன். நிறுத்துவதற்கு இங்கே எதுவும் மிச்சமில்லை என்பதை மெதுவாகச் சொன்னேன். 1976-ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சட்டப்படி நான்கு மாதம் முன்பே அவர்கள் கணவன் மனைவி. இனி பிரிவது என்றால் நீதிமன்றம்தான். பொதுவாக 2 ஆண்டுகள் கழியாமல் மணவிலக்கு மனுவே போட முடியாது. அதற்கு முன் சமரசக் குழுவுக்கும் போகவேண்டிவரும். “உங்க கோபம் நியாயம்தான் ஐயா. ஆனா அந்தப் பிள்ளை இப்போ உங்க மருமகள்” என்றேன். அவர் சட்டத்துக்குப் பயந்து அடங்கவில்லை. அவருடைய மகன் அதற்குள் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மறுபடி உட்கார்ந்தார்.

போலீசைக் கூப்பிடலாமா என்ற கேள்வியும் வந்தது. மறுபடி யாராவது கை ஓங்கினால் உடனே 999-க்கு அடிப்பது என்று முடிவுசெய்து, இரண்டு தரப்புக்கும் அதை வெளிப்படையாகச் சொன்னோம். தேவைப்படவில்லை. அடிபட்ட பையனிடம், அவன் விரும்பினால் ரிப்போர்ட் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னோம். குடும்ப மானம் என்ற பெயரில் இதை மறைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவன் வேண்டாம் என்றான்.

அன்றிரவு அம்மா தனியாக வீட்டுக்குப் போகவில்லை. மகளிர் பிரிவு அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

வீட்டைப் பற்றிய பேச்சு

ஒரு மாதம் விட்டு, கோபம் ஆறிய பிறகு, கோயில் அலுவலகத்தில் கூடினோம். பெரியப்பா, அம்மா, பெண், தாய்மாமன், பழைய மண்டோர், நான். முதலில் பேசவேண்டியவர் அம்மா என்று நிபந்தனை வைத்தோம்.

அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்திருந்தார். கணவர் கட்டிய காலத்திலிருந்து 2012 வரை வங்கி ரசீதுகள். பல தாள்களில் எழுத்து மங்கிப்போயிருந்தது. ஆனால் வங்கிப் புத்தகமும் இருந்தது. பெரியப்பாவைப் பார்த்து, “மாமா, நீங்க செஞ்சத நான் மறக்கல. ஆஸ்பத்திரிக்குக் கட்டுனது, வரி கட்டுனது எல்லாம் எனக்குத் தெரியும். நானும் கட்டியிருக்கேன். அதையும் நீங்க சொல்லணும்” என்றார். பெரியப்பா ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். தம்பி இறந்ததும் கடன் எப்படி முடிந்தது என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்று சொன்னார். காலி செய்யச் சொன்னதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். தாய்மாமனிடம் கேட்கவில்லை.

வீட்டைப் பெயர் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். நாங்கள் அவசரப்பட விடவில்லை. சட்ட உதவித் துறையில் ஆலோசனை கேட்டு, பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனார்கள். மூன்று சிக்கல்கள் தெரிந்தன. கிராணில் கட்டுப்பாடு இருந்தது, மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. கணவன் மனைவிக்கும் பெற்றோர் பிள்ளைக்கும் கிடைக்கும் முத்திரை வரி, சொத்து ஆதாய வரிச் சலுகை, தம்பி மனைவிக்கு எழுதிக் கொடுக்கும்போது கிடைக்காது. பெரியப்பாவுக்கும் மூன்று பிள்ளைகள், அவர்களுக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது.

எனவே பெயரை உடனே மாற்றவில்லை. பாதிப் பங்கு அம்மாவுக்கும் பெண்ணுக்கும் உரியது, அம்மா தன் ஆயுள் முழுக்க அங்கே இருக்கலாம், அவர் சம்மதம் இல்லாமல் விற்கமுடியாது என்று டிரஸ்ட் டீட் (அறக்கட்டுப் பத்திரம்) எழுதிப் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். வழக்கறிஞர் நில அலுவலகத்தில், பெயர் மாற்றத்தைத் தடுக்கும் தனியார் காவியட் பதிந்தார். பெரியப்பாவின் பிள்ளைகளுக்கும் நகல் கொடுக்கப்பட்டது. பெரியவர்கள் காலத்துக்குப் பிறகு இது தெரியாமல் போய்விடக்கூடாது என்பதற்காக அதை வலியுறுத்தினோம். பெயர் கிராணில் இருக்கும் மனிதர் உயில் இல்லாமல் இறந்துவிட்டால், 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி சொத்து அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான் போகும். தம்பி மனைவிக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

இப்போதைய நிலை

தம்பதி ஷா ஆலாமில் நன்றாக இருக்கிறார்கள். அம்மா அதே வீட்டில் இருக்கிறார். பெரியப்பா தீபாவளிக்கு வந்துபோகிறார். அவரும் தாய்மாமனும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. தாய்மாமனின் வருத்தம் எனக்குப் புரிகிறது. இத்தனை வருடம் கூட நின்றவருக்கு அந்தப் பேச்சில் எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை, ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அது இன்னும் வரவில்லை. பழைய மண்டோர் அதற்கு முயன்றுகொண்டிருக்கிறார்.

கோயில் குழுவில் சில வழக்கங்களை மாற்றியிருக்கிறோம். மண்டபம் பதிவு செய்யும்போதே பெண்ணிடமும் பெண்ணின் அம்மாவிடமும் மாப்பிள்ளையின் அம்மாவிடமும் தனியாக, மகளிர் பிரிவினர் வழியாக, யார் எந்தச் சடங்கைச் செய்யவேண்டும் என்று கேட்கிறோம். கணவர் இல்லாதவர் என்ற காரணத்துக்காக யாரையும் மணவறையிலிருந்து விலக்கக் குழு துணைபோகாது என்று தீர்மானம் போட்டாயிற்று. பதிவுத் திருமணம் தனியாக நடந்தால், வரமுடியாத நெருங்கிய உறவினருக்குப் பெண் வீட்டாரே முன்கூட்டி ஒரு போன் செய்யும்படி சொல்கிறோம்.

பணத்தில் கடுமையாகவே இருக்கிறோம். சாப்பாட்டுக்காரர் பாக்கியை மொய்யை நம்பி வைக்கக்கூடாது, விருந்துக்கு முன்பே தீர்க்கவேண்டும். மொய்ப்பெட்டிக்கு இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவர், கூடக் குழுவிலிருந்து ஒருவர். பெட்டி மேசையை விட்டு நகர்ந்தால் மூவரும் சேர்ந்தே நகரவேண்டும். சண்டை என்று வந்தால் முதலில் மைக்கை அணைக்கவேண்டியவர் யார் என்பதையும் பெயர் சொல்லி முன்பே முடிவுசெய்கிறோம்.

இன்னொரு வேலையையும் தொடங்கியிருக்கிறோம். சிவப்பு அட்டைக் காரணத்தால் பிள்ளை பெயரிலோ தம்பி பெயரிலோ வீடு வாங்கிய பழைய தோட்டக் குடும்பங்கள் எங்கள் தாமானில் நிறைய இருக்கின்றன. வழக்கறிஞர் ஒருவர் கோயிலுக்கு வந்து கிராணையும் ரசீதுகளையும் பார்த்து ஆலோசனை சொல்கிறார். பெயர் மாற்ற அனுமதிக்கான விண்ணப்பத்தை இந்தக் குடும்பமும் அவர் வழியாகத்தான் போட்டிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.